மிக்-21 கட்டலாம் வாங்க: ஆடிக்காற்றுக்கும் பஞ்சுத்தூசிக்கும் நடுவே ஒரு முழு வழிகாட்டி

சோவியத் போர்விமானமான மிக்-21-இன் சின்ன பிளாஸ்டிக் மாடலைக் கட்டுவதற்கான துண்டுகள் ஒரு பெட்டியில் வரும், அதுதான் கிட். கிட்டோடு வரும் விளக்கத்தாளில் எல்லாமே இருக்கும். எந்தத் துண்டுக்கு என்ன எண், எதை எதோடு ஒட்டுவது, எந்த நிறம் எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். பனியன் கம்பெனிக்குப் பின்வீட்டில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்பது மட்டும் இருக்காது. நான் திருப்பூர்க்காரன். என்னுடைய முதல் மிக்-21 காய்ந்து முடிந்தபோது, அதன் இறக்கையில் பூனைக்குட்டி மாதிரி மயிர் முளைத்திருந்தது. எல்லாம் பஞ்சு.

அதற்கப்புறம் ஏழெட்டு விமானம் கட்டிவிட்டேன். கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: இந்த வேலையில் ஒட்டுவது கால்பங்கு, காயவிடுவது முக்கால்பங்கு. அந்தக் காயவிடும் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். கிட் தயாரிக்கும் ஜப்பானிலும் செக் நாட்டிலும் எழுதிய கணக்கு பல்லடத்துக்கும் உடுமலைக்கும் அப்படியே ஒத்துவராது.

எதற்கு மிக்-21 என்று கேட்பீர்கள். சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தலைக்கு மேல் தேஜஸ் போர்விமானம் போகும் சத்தம் பழக்கம். அங்கே தேஜஸோடு வந்த 45-ஆவது ஸ்குவாட்ரன், அதற்கு முன்னால் மிக்-21 ஓட்டிய அணி. 1999 ஆகஸ்ட் 10-ஆம் தேதி கட்ச் எல்லையில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது அந்த அணியின் மிக்-21தான். 1963-இல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. இனிமேல் அலமாரியில்தான் பார்க்க முடியும். அதோடு, குழாய் மாதிரி உடம்பு, சின்ன முக்கோண இறக்கை என்று எளிமையான வடிவம். முதல் தடவை கட்டுகிறவருக்கு இது பெரிய வசதி.

எந்தக் கிட் வாங்குவது

1/72 அளவில் வாங்குங்கள். நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 7.15 மீட்டர். 1/72-இல் அது சுமார் 10 செ.மீ., உள்ளங்கை அகலம். 1/48-இல் 15 செ.மீ. ஆகும், துண்டுகள் பெரிதாக இருப்பதால் பிடித்து வேலைசெய்ய எளிது, ஆனால் விலையும் கூடும், பெயிண்டும் கூடப் பிடிக்கும். எட்வர்ட் கம்பெனியின் மிக்-21 கிட்டுகள் அருமையானவை, ஆனால் பொடிப்பொடித் துண்டுகள் அதிகம். அதை மூன்றாவது விமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு போட்டோவை முடிவு செய்யுங்கள். மிக்-21 என்பது ஒரு விமானமல்ல, ஒரு குடும்பம். நம்மிடம் இருந்த எஃப்.எல். ரகத்துக்கு முதுகு ஒல்லி, உடம்புக்குள் பீரங்கி கிடையாது. பிஸ் ரகத்துக்கு முதுகு தடித்து வால்வரை போகும். பிஸ் கிட்டை வாங்கி 1971 போரில் பறந்த விமானத்தின் எண்களை ஒட்டினால், விவரம் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். எனக்கு அது நடந்தது.

இன்னொன்று: முதல் விமானத்தை வெறும் அலுமினியப் பளபளப்பில் முடிக்க நினைக்காதீர்கள். பழைய எஃப்.எல். அப்படித்தான் அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலோக நிற பெயிண்ட் ஒரு கோள்சொல்லி. கீழே இருக்கும் ஒவ்வொரு கீறலையும் ஊருக்கே காட்டும். சாம்பல் நிறம் மன்னிக்கும்.

மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு பக்கம் தட்டையான நிப்பர், கூரான கத்தி ஒன்று, நுனி மெல்லிய இடுக்கி, 400-லிருந்து 2000 வரை வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக்கூட மழமழப்பு கூடும்), பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் மஞ்சள் மாஸ்கிங் டேப். தண்ணீர் போல் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் பசை ஒரு குப்பி. ஃபெவிக்விக், ஃபெவிகால் இரண்டும் வீட்டிலேயே இருக்கும். வாட்டர் பேப்பரை மட்டும் ஹார்டுவேர் கடையில் வாங்கலாம், கார் பட்டறைக்கு வாங்கும் அதே சரக்குதான்.

பசையும் பெயிண்டும் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானக் கூரியரில் ஏற்றமாட்டார்கள். தரைவழியாகத்தான் வரும். கிட் வந்து பத்து நாள் கழித்துப் பசை வந்த கதையெல்லாம் உண்டு. அதனால் பசையை முதலில் ஆர்டர் போடுங்கள்.

பட்டறைத் தின்னரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரஷ் கழுவ, காற்றழுத்தத்தால் பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ்ஷைச் சுத்தம் செய்ய அது நன்றாக இருக்கும். பிளாஸ்டிக் மேல் பட்டால் பஞ்சுமிட்டாயில் தண்ணீர் ஊற்றிய கதைதான். பெயிண்டைக் கலக்க அந்தந்த பெயிண்டுக்கான தின்னரை மட்டுமே வாங்குங்கள்.

வெட்டுவதும் தேய்ப்பதும்

முதலில் துண்டுகள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் காயவையுங்கள். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப்பிசுக்கு சிலவற்றில் ஒட்டியிருக்கும். அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. மொட்டைமாடி வெயிலில் மட்டும் காயப்போட வேண்டாம். சித்திரை வெயிலில் மெல்லிய துண்டுகள் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

சட்டத்திலிருந்து ஒரு துண்டை எடுக்க இரண்டு வெட்டு. முதல் வெட்டு துண்டிலிருந்து தள்ளி, இரண்டாவது வெட்டு ஒட்டினாற்போல். ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளையாகப் பிய்ந்துவரும். மிச்சமிருக்கும் குமிழை 600 தாளால் நாலு தேய் தேய்த்தால் போதும். எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில் வெட்டிக் குவிக்காதீர்கள். எண்கள் சட்டத்தில்தான் இருக்கின்றன, துண்டில் இல்லை.

அடுத்து, பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது. என் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, பசை போடாம எதுக்குங் மூணு தடவ சேத்திச் சேத்திப் பாக்கறீங்க?" என்றான். நாலாவது தடவையில் உடம்பின் இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு குச்சிமுனை தடுப்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். பசை போட்டபிறகு தெரிந்திருந்தால் அழுதிருப்போம்.

காக்பிட்டும் மூக்கும்

உடம்பை மூடுவதற்கு முன் உள்ளே போக வேண்டியதெல்லாம் போயாக வேண்டும். விமானி உட்காரும் காக்பிட்டின் உள்நிறம் சோவியத் விமானங்களுக்கே உரிய நீலப்பச்சை. நம் பக்கத்துப் பழைய ஓட்டுவீடுகளில் ஜன்னல் சட்டத்துக்கு அடித்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிறம். கருவிப்பலகை, இருக்கை பெல்ட் எல்லாம் பிரஷ்ஷால் அடித்துவிடுங்கள். 1/72-இல் கண்ணாடி மூடியபிறகு பாதிதான் தெரியும். இதிலே நாலு ஞாயிற்றுக்கிழமை செலவழிக்க வேண்டாம்.

மூக்கில் காற்று உள்ளே போகும் வளையத்துக்கு நடுவே நிற்கும் கூம்பை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான கிட்டுகளில் அதை உடம்பை மூடும் முன்பே உள்ளே வைக்க வேண்டும். ரேடாரை மூடியிருக்கும் கூம்பு என்பதால் உலோகம் அல்ல, நிறமும் உடம்போடு சேராது. பல சோவியத் விமானங்களில் அது பச்சை. உங்கள் போட்டோவில் என்ன நிறமோ அதை இப்போதே அடித்துவிடுங்கள், பின்னால் பிரஷ் உள்ளே போகாது.

விளக்கத்தாளில் மூக்கில் எடை வைக்கச் சொல்லி கிராம் கணக்குப் போட்டிருந்தால், அதற்கு மீன்பிடிக்கும் ஈயக்குண்டு சரியான பொருள். தராசு இல்லையா? தடித்த பழைய ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம், மஞ்சள் ஐந்து ரூபாய் 6 கிராம். ஒரு ஸ்கேலைப் பென்சில் மேல் வைத்து இந்தப் பக்கம் நாணயம், அந்தப் பக்கம் ஈயம் என்று நிறுத்துவிடலாம். எடை குறைந்தால் விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்துகொள்ளும். ஈயத்தைத் தொட்டபின் கை கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஒட்டுதல்

மெல்லிய பசை உண்மையில் பசை இல்லை. பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. அதனால் தடவிவிட்டுச் சேர்க்கக் கூடாது. சேர்த்துப் பிடித்துவிட்டு இணைப்பின் மேல் பிரஷ் நுனியைத் தொட வேண்டும். திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி அது தானாக இடுக்குக்குள் ஓடிவிடும். விரல் அந்த இடுக்கின் மேல் இருந்தால் பசை விரலுக்கடியிலும் ஓடும், உங்கள் கைரேகை விமானத்தில் பதிந்துவிடும்.

உடம்பு இரண்டு பாதியையும் ஒரேயடியாக ஒட்டாமல் இரண்டு அங்குலம் ஒட்டி, நிமிடம் பிடித்து, அடுத்த இரண்டு அங்குலம் என்று போங்கள். கடைசியில் லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் மணிமணியாக மேலே பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள். அதுவே இடைவெளியை அடைக்கும் பட்டி. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுநாள் தேயுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாசனை தலைவலியைக் கொடுக்கும்.

பட்டி பார்த்தல்

வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் பட்டி பார்ப்பது மாதிரிதான். இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் மாடல் பட்டியைக் கொஞ்சமாக இழுத்து, காய்ந்தபின் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 400, 600, 1000 என்று படிப்படியாகத் தேயுங்கள். காய்ந்த பட்டியை உலர்ந்த தாளால் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும், தாளும் அடைத்துக்கொள்ளும்.

கோடு போய்விட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கறுப்பு மார்க்கரால் இணைப்பின் மேல் ஒரு கோடு இழுத்துத் தேயுங்கள். பள்ளம் இருந்தால் கறுப்பு அதிலேயே தங்கிவிடும். தேய்க்கும்போது தகட்டுக்கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக்கோடுகள்) அழிந்தால், தடித்த டேப் ஒட்டி அதன் ஓரமாக ஊசியால் லேசாக நாலு தடவை இழுத்து மீட்கலாம். ஒரே இழுப்பில் ஆழமாகப் போட நினைத்தால் ஊசி வழுக்கி இறக்கைக்குக் குறுக்கே ஓடும்.

காக்பிட்டை மூடும் கண்ணாடிக்கு ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் படிந்து, மார்கழிப் பனி விழுந்த பஸ் கண்ணாடி மாதிரி வெளுத்துவிடும். ஃபெவிகாலை ஊசிமுனையால் தொட்டு ஒட்டுங்கள், பிசிறினால் ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம். அப்புறம் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, சட்டத்தின் ஓரமாகப் புது பிளேடால் வெட்டி, கண்ணாடிப் பகுதி மட்டும் மூடியிருக்கும்படி விடுங்கள்.

பெயிண்ட்: இங்கேதான் நம் ஊர் விளையாடும்

பெயிண்ட் அடிக்கும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்யுங்கள்; நல்ல நேரத்துக்காகச் சொல்லவில்லை, காற்றுக்காக. ஆனியிலிருந்து ஆவணிவரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளை எல்லாம் சுற்றவிடுகிறது. அதே காற்று உங்கள் மாடியில் ஸ்ப்ரே கேனிலிருந்து வரும் பெயிண்டைப் பாதி வழியிலேயே பக்கத்து வீட்டு வேட்டிக்குக் கொண்டுபோய்விடும். நானும் சோதித்துப் பார்த்துவிட்டேன், வேட்டிக்காரர் ஒரு வாரம் பேசவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு சிக்கல். சட்டென்று காயும் லாக்கர் பெயிண்ட் காய்கையில் சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கும். அந்தக் காற்றின் ஈரம் பெயிண்டின் மேல் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். பளபளப்பு பெயிண்டில் இது அப்பட்டமாகத் தெரியும். மழை நாளில் பட்டி பாருங்கள், தேயுங்கள், பெயிண்டை மட்டும் தொடாதீர்கள். பூத்துவிட்டால் பதற வேண்டாம். வெயில் வந்த நாளில் மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சித்திரையில் அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். முனையை விட்டுத் தப்பினாலும் காற்றிலேயே பாதி காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக விழும். அதற்கு உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் இரண்டு சொட்டு சேர்த்து, காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மாசி, பங்குனி காலைகள்தான் இங்கே பெயிண்ட் அடிக்க அருமையான நேரம். காற்றும் அடங்கியிருக்கும், ஈரமும் குறைவு.

இனி பஞ்சு. நான் இப்போது செய்வது இது. பனியன் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி ஸ்ப்ரே பெட்டியாக வைத்திருக்கிறேன். குளியலறையில் வைத்து, ஃபேன் போடாமல், தரையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் கதவைச் சாத்திவிடுவேன். மிதக்கும் தூசியெல்லாம் ஈரத்தில் உட்கார்ந்துவிடும். தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுடுதண்ணீர் பிடித்து அறையை ஆவியாக்கிவிட்டால் லாக்கர் பூத்துவிடும். பனியன் போட்டுக்கொண்டு அடிக்காமல் நைலான் டீ-ஷர்ட் போட்டுக்கொள்வேன். நம் பனியனிலிருந்தே பஞ்சு வரும். முகமூடி கட்டாயம், வென்டிலேட்டர் திறந்திருக்கட்டும், கீசர் அணைந்திருக்கட்டும். அடித்த கையோடு மாவு டப்பா ஒன்றைக் கவிழ்த்து விமானத்தை மூடிவிடுவேன்.

இவ்வளவு செய்தும் ஒரு நூல் ஒட்டிக்கொண்டால் ஈரத்தில் கையை வைக்காதீர்கள். நகத்தால் எடுக்கப்போனால் பள்ளம் விழும். முழுக்கக் காயட்டும். 2000 தாளை நனைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் நூல் போய்விடும், மேலே மெல்லியதாய் ஒரு பூச்சு.

முதல் பூச்சு சாம்பல் பிரைமர். அடித்தபின் விளக்கடியில் திருப்பிப் பாருங்கள். ஒளிந்திருந்த கீறல்கள் வெளியே வரும். மறுபடி பட்டி, மறுபடி பிரைமர். ஸ்ப்ரே கேன் என்றால் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரம், விமானத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். ஏர்பிரஷ் என்றால் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், நாலு விரல் அகலத் தூரம். பெயிண்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கப்பின் சுவரில் ஏற்றிப் பார்த்தால் வழிந்து இறங்கி, மெல்லிய படலம் விட வேண்டும். திட்டுத்திட்டாய் நின்றால் கெட்டி, படலமே விடாமல் ஓடினால் தண்ணி.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. ஒவ்வொரு நிறமும் மூன்று மெல்லிய பூச்சு. முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழியும், தகட்டுக்கோடும் அடைபடும். டேப்பை ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுங்கள், பிசின் வேகம் குறையும், அடியிலுள்ள பெயிண்ட் உரிந்து வராது.

டெக்கால்

டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் வட்டம், எண் போன்ற படங்கள். மங்கல் பெயிண்டின் மேல் அதை நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுக்கும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, ஒரு நாள் காயட்டும்.

தண்ணீரைப் பற்றி எந்த விளக்கத்தாளும் சொல்லாது. எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் டெக்கால் ஊறவைத்தேன். காய்ந்ததும் வட்டத்தைச் சுற்றி வெள்ளை உப்புக்கறை. சிறுவாணி, அத்திக்கடவுத் தண்ணீர் வருகிறவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் குடிக்கும் கேன் தண்ணீரை ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. டெக்காலைப் பத்து இருபது விநாடி நனைத்து எடுத்து, ஈரத்தாளில் ஒரு நிமிடம் விட்டு, தாளிலிருந்து நகர்த்தி விமானத்தின் மேல் இறக்குங்கள். விரலால் தூக்கக் கூடாது. இடம் சரியானதும் பஞ்சுக்குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி நீரை வெளியேற்றுங்கள். மென்மையாக்கும் திரவம் ஒரு தொடு வைத்தால் டெக்கால் சுருங்கிக் குலைந்த மாதிரி தெரியும். பயந்துபோய்த் தொட்டால் கிழிந்துவிடும். விட்டுவிட்டால் தானே இழுத்துக்கொண்டு தகட்டுக்கோட்டுக்குள் படிந்துவிடும்.

அப்புறம் இன்னொரு பளபளப்புப் பூச்சு. அது நன்றாகக் காய்ந்ததும் அடர்பழுப்பு ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து, தகட்டுக்கோடுகளில் தொட்டு ஓடவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து, மூக்கிலிருந்து வால் பக்கமாகக் காற்று ஓடும் திசையிலேயே துடையுங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம், விமானம் கோடு போட்ட நோட்டு மாதிரி ஆகிவிடும். துரு, புகை, எண்ணெய்க்கசிவு என்று அள்ளிப் பூசுவது இப்போது மோஸ்தர். நம் விமானப்படைக்காரர்கள் விமானத்தைத் துடைத்து வைத்திருப்பவர்கள். எரிபுகைக் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் கருமை காட்டினால் போதும். எல்லாம் முடிந்து ஒரு மங்கல் வார்னிஷ் அடித்ததும், அதுவரை பொம்மையாக இருந்தது விமானமாக மாறும்.

கடைசித் துண்டுகள்

சக்கரம், கதவுகள், ஏவுகணைகள் இப்போது. சோவியத் விமானங்களின் சக்கர நடுவட்டு பல சமயம் பச்சை நிறம், போட்டோவைப் பார்த்து அடியுங்கள். மூன்று சக்கரமும் தரையில் படுகிறதா என்று பசை இறுகுவதற்குள் எதிரே குனிந்து பாருங்கள். கண்ணாடியின் டேப்பை உரிக்கும் நேரம்தான் எனக்கு இதிலே பிடித்த நேரம். அப்புச்சி (அம்மாவின் அப்பா) பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இத்தன மாசம் வேல செஞ்சியே, இது பறக்குமா?" என்றார். இல்லீங்க அப்புச்சி என்றேன். "அப்பறம் எதுக்குச் சக்கரம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

மூக்குக்கு முன்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும், விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயை எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒட்டுங்கள். வேலைக்கு நடுவே ஒட்டினால் சட்டைக்கையில் மாட்டி உடையும். எனக்கு இரண்டு தடவை உடைந்தது. இப்போது மெல்லிய ஊசிமருந்து ஊசியின் முனையை மழுக்கி அந்த இடத்தில் வைக்கிறேன். இரவு முழுக்க அசையாமல் காயட்டும். அலமாரியில் வைக்கும்போது மூக்கு சுவரைப் பார்த்து இருக்கட்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தூசி தட்டுவது அம்மா.